விலக்கும் விருந்தும் – 7: ரோம் நகர யூதர்களின் ஆர்ட்டிசோக்

யூத சமயத்தின் உணவு விதிகளைப் பற்றிப் பேசும்போது இறைச்சியும் பாலும் மீனும் திராட்சை மதுவுமே முதலிடம் பெறுகின்றன; காய்கறிகள், எந்த விலக்குக்கும் உட்படாதவை என்ற எண்ணத்தில், பேச்சின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. மிருகங்களையும் பறவைகளையும் மீன்களையும் உண்ணத்தக்கவை, தகாதவை என்று இனம் பிரிக்கும் தோரா, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்கள், தாவரங்களை அவ்வாறு பிரிக்கவில்லை என்பது உண்மையே. எனினும் ஒரு காய்கறி தோட்டத்திலிருந்து பண்டிகைப் பந்திக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை, ரோம் நகர யூதர்கள் வசந்தகாலத்தில் பொரித்துப் பரிமாறும் ஆர்ட்டிசோக் தெளிவாகக் காட்டுகிறது.

இத்தாலியர் ‘கார்ச்சோஃபி அல்லா ஜூதியா’, அதாவது யூத முறை ஆர்ட்டிசோக், என்று அழைக்கும் இந்தப் பதார்த்தத்தில் ஆர்ட்டிசோக், ஆலிவ் எண்ணெய், உப்பு, மிளகு, எலுமிச்சை ஆகியவற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. அப்படியிருந்தும் 2018ஆம் ஆண்டில் இது கோஷரா, அதாவது யூத சமய விதிப்படி உண்ணத்தக்கதா, என்ற கேள்வி எருசலேமுக்கும் ரோமுக்கும் இடையே பெரும் விவாதமாக எழுந்தது. ஓர் உணவு விதிக்கு உட்பட்டதா என்பதை அதில் சேரும் பொருள்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதை ஆய்ந்து நறுக்கும் கையும், அந்தக் கையின் பழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாக நம்பிவரும் சமூகமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பதை அந்த விவாதம் வெளிப்படுத்தியது.

இறைச்சிக்கும் பாலுக்கும் நடுவே

ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கலாகாது என்ற கட்டளை யாத்திராகமத்தில் இருமுறையும் உபாகமத்தில் ஒருமுறையும் வருகிறது. இந்த மூன்று இடங்களையும் அடிப்படையாகக் கொண்டு, தல்மூத் என்னும் பெருந்தொகுப்பில் இடம்பெறும் ரபிகள், அதாவது யூத சமயச் சட்ட அறிஞர்கள், இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சமைப்பதையும் சேர்த்து உண்பதையும் முழுமையாக விலக்கினர். இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரங்கள் வேண்டும் என்பதும், இறைச்சி உண்டபின் பால்பொருள் உண்ணக் குறிப்பிட்ட நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் அதன் தொடர்ச்சியாக வந்த நெறிகள். இந்தக் காத்திருப்பு நெதர்லாந்து யூதர்களிடம் ஒரு மணி நேரமாகவும் வேறு பல சமூகங்களில் ஆறு மணி நேரமாகவும் இருக்கிறது.

இறைச்சியும் அல்லாத, பாலும் அல்லாத மூன்றாம் வகைக்குப் ‘பரேவே’ என்று பெயர். காய், கனி, தானியம், முட்டை, மீன் ஆகியவை இந்தப் பொதுநிலை வகையைச் சேர்ந்தவை. ஆனால் பொதுநிலை என்பது ஒரு பொருளுக்கு நிலையாக வாய்த்த குணம் அன்று. சமைக்கும் முறையால் அது கெடக்கூடியது. வெண்ணெயில் வதக்கிய கீரை பால்பொருளாகிவிடுகிறது, வாத்துக் கொழுப்பில் வறுத்த கிழங்கு இறைச்சிப் பொருளாகிவிடுகிறது. ஓய்வுநாள் விருந்திலும் பண்டிகை விருந்திலும் பெரும்பாலும் இறைச்சியே நடுநாயகமாக இருப்பதால், அதனுடன் வரும் காய்கறிப் பதார்த்தத்தில் வெண்ணெய், பாலேடு, பாலாடைக்கட்டி எதுவும் சேரலாகாது. அதே பதார்த்தம் மறுநாள் பாலாடைக்கட்டியோடு உண்ணப்பட வேண்டுமானால் இறைச்சிக் கொழுப்பும் சேர்ந்திருக்கலாகாது. இரண்டுக்கும் இடம்கொடுக்கும் சமையல் கொழுப்பு தாவர எண்ணெயே என்பதாலும், ரோம் நகரக் கிறித்தவர்களின் அடுக்களையில் வழங்கிவந்த பன்றிக் கொழுப்பை யூதர்கள் தொடவே முடியாது என்பதாலும், ஆலிவ் எண்ணெய் அவர்களுடைய சமையலின் அச்சாணியாக ஆயிற்று.

ஆர்ட்டிசோக் மிகுதியாகப் பரிமாறப்படும் பண்டிகை பெசாக். தமிழ் விவிலியம் அதைப் பஸ்கா என்று குறிப்பிடுகிறது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் விடுபட்டதை நினைவுகூரும் இப்பண்டிகை நிசான் மாதம் 15ஆம் நாள் தொடங்கி இஸ்ரேலில் 7 நாள்களும், வெளிநாடுகளில் வாழும் மரபு வழுவாத யூதர்களிடையே 8 நாள்களும் நடைபெறுகிறது. இந்நாள்களில் ‘ஹமேத்ஸ்’ எனப்படும் புளிப்பேறிய தானியப் பொருள் வீட்டில் இருப்பதே விலக்கப்பட்டது; கோதுமை, வாற்கோதுமை உள்ளிட்ட ஐந்து தானியங்களின் மாவு தண்ணீரோடு கலந்து 18 நிமிடங்களுக்குள் சுடப்படாவிட்டால் அது புளிப்பேறியதாகக் கொள்ளப்படும். ரோமில் கோடைக்காய்ப் பூவையும் காட் மீன் துண்டையும் மாவுக் கரைசலில் தோய்த்துப் பொரிக்கும் வழக்கம் உண்டு. அவை பெசாக் பந்தியில் அந்த வடிவில் இடம்பெற முடியாது. ஆர்ட்டிசோக்குக்கோ மேல்மாவு தேவையில்லை, அதன் இதழ்களே எண்ணெயில் மொறுமொறுப்பாகிவிடுகின்றன. இதே காயை ரோமின் பிற மக்கள் புதினாவும் பூண்டும் அடைத்து வெள்ளைத் திராட்சை மதுவில் வேகவைப்பது உண்டு. சமய விதிப்படி தயாரித்த மதுவை மட்டுமே யூதர்கள் பயன்படுத்தலாம் என்பதால் அந்த முறையில் மதுவைப் பற்றியும் ஒரு கேள்வி எழுகிறது, பொரிக்கும் முறையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

செடியும் பருவமும்

ஆர்ட்டிசோக் என்பது சூரியகாந்தி, சாமந்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த, மத்தியதரைக் கடல் நாடுகளுக்குரிய ஒரு முட்செடியின் விரியாத மொட்டு. இலைகள் என்று வழக்கில் சொல்லப்படுபவை மொட்டைப் பொதிந்திருக்கும் புறச்செதில்கள். அவற்றின் அடிப்பகுதியும், அவை பொருந்தியிருக்கும் சதைப்பற்றான பூத்தளமும் உண்ணத்தக்கவை. பூத்தளத்தின் மேல் பிற்காலத்தில் ஊதாப் பூவாக விரியவிருக்கும் மயிர்ப் பிசிறுகள் முற்றிய மொட்டில் தொண்டையில் சிக்கும் அளவுக்குத் தடித்துவிடுவதால் அவற்றைச் சுரண்டி எறிந்துவிடுவார்கள்.

ரோமைச் சூழ்ந்த லாட்சியோ மாநிலத்தில், குறிப்பாகக் கடற்கரையை ஒட்டிய லாதிஸ்போலி, செர்வேத்தெரி, சிவித்தாவெக்கியா வட்டாரங்களிலும் தெற்கே செட்ஸே என்னும் ஊரிலும் விளையும் ரோமனெஸ்கோ வகை இந்தப் பதார்த்தத்துக்கு உரியது. இது உருண்டையானது, முள்ளற்றது, ஊதா சாயல் கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பையும் பெற்றது. செடியின் நடுத்தண்டின் உச்சியில் முதலில் தோன்றும் மொட்டைச் ‘சிமரோலோ’ என்கிறார்கள். அளவில் பெரியதும் சதைப்பற்று மிகுந்ததும் அதுவே. இளம் பருவத்தில் பறிக்கப்படும் ரோமனெஸ்கோவின் உள்ளே மயிர்ப் பிசிறு ஏறக்குறைய இருப்பதில்லை, செதில்களும் ஒன்றன்மேல் ஒன்று இறுகப் படிந்திருக்கின்றன. பின்னர் விவரிக்கப்படும் விவாதத்தில் இந்த இறுக்கமே முதன்மைச் சான்றாக முன்வைக்கப்பட்டது. இதன் அறுவடைக்காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நீள்வதாலும், பெசாக் மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ வருவதாலும், பண்டிகையும் பருவமும் இயல்பாகவே இணைந்துகொண்டன.

மதிலுக்குள் வளர்ந்த சமையல்

ரோமில் யூதர்களின் வரலாறு கி.மு. 2ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்குகிறது. ஐரோப்பாவில் இடையறாது வாழ்ந்துவரும் மிகப் பழைய யூதச் சமூகங்களுள் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது. கி.பி. 70இல் எருசலேம் தேவாலயம் அழிக்கப்பட்டபின் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும், 1492ஆம் ஆண்டின் ஸ்பானிய ஆணையால் ஸ்பெயினிலிருந்தும் அதன் ஆட்சியிலிருந்த சிசிலித் தீவிலிருந்தும் வெளியேற்றப்பட்டவர்களும் இந்தச் சமூகத்தோடு கலந்தனர். அரபு வேளாண்மையின் செல்வாக்கால் கத்தரிக்காயும் ஆர்ட்டிசோக்கும் செழித்திருந்த நிலம் சிசிலி. அந்தக் காய்களின்மீது கொண்ட விருப்பத்தை வடக்கே எடுத்துச்சென்றவர்களில் இந்த அகதிகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்று உணவு வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். பிற்கால இத்தாலிய நூலொன்றும் இதற்கு அரணாக நிற்கிறது: 1891இல் முதற்பதிப்புக் கண்ட தம் புகழ்பெற்ற சமையல் நூலில் பெல்லக்ரீனோ அர்த்தூசி, கத்தரிக்காயும் பெருஞ்சீரகக் கிழங்கும் யூதர்களின் உணவு என்று இழிவாகக் கருதப்பட்டு, நாற்பது ஆண்டுகளுக்கு முன்புவரை ஃப்ளாரன்ஸ் சந்தையில் அரிதாகவே காணப்பட்டன என்று பதிவுசெய்துள்ளார்.

1555ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று நான்காம் பவுல் என்னும் போப்பாண்டவர் பிறப்பித்த ஆணை, ரோம் யூதர்களைத் திபேர் ஆற்றங்கரையில் மதில்சூழ்ந்த ஒரு குறுகிய பகுதிக்குள் ஒடுக்கியது. இத்தகைய அடைப்புக் குடியிருப்புக்குக் ‘கெட்டோ’ என்று பெயர். இந்தப் பெயரோடு அமைந்த முதல் குடியிருப்பு 1516இல் வெனிஸ் நகரில் தோன்றியது. ரோம் கெட்டோவின் வாயில்கள் இரவில் பூட்டப்பட்டன. அடையாளம் தெரிய மஞ்சள் நிறத் தலையணி கட்டாயமாயிற்று. வணிகத்தில் பழந்துணி வியாபாரம் தவிர மற்றவை பெரும்பாலும் மறுக்கப்பட்டன. தாழ்வான ஆற்றங்கரை என்பதால் வெள்ளம் அடிக்கடி வீடுகளுக்குள் புகுந்தது. வறுமையும் நெரிசலும் நிறைந்த இந்தத் தெருக்களில் எண்ணெயில் பொரித்த மீனும் காயும் மலிவான, விதிக்கு உட்பட்ட, சுவையான உணவாக விளங்கின. பொரிப்பதில் கெட்டோவின் சமையல்காரர்கள் அடைந்த தேர்ச்சியே, பின்னாளில் ரோம் நகரம் முழுவதும் அவர்களுடைய ஆர்ட்டிசோக்கை அவர்கள் பெயராலேயே அழைக்கக் காரணமாயிற்று.

1848இல் மதில்கள் இடிக்கப்பட்டன. 1870இல் இத்தாலிய அரசு ரோமைக் கைப்பற்றியபோது யூதர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. 1904இல் அதே இடத்தில் பெரிய தொழுகைக்கூடம் எழுந்தது. ஆனால் 1943 அக்டோபர் 16 அன்று நாஜிப் படைகள் அந்தத் தெருக்களைச் சூழ்ந்து பிடித்தவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் உயிரோடு திரும்பியவர்கள் 16 பேர் மட்டுமே. இன்று அந்தப் பகுதியில் ஓர் இடம் அந்தத் தேதியையே பெயராகத் தாங்கி நிற்கிறது. அதன் அருகிலுள்ள உணவகங்களில் ஆர்ட்டிசோக் பொரிக்கப்படும்போது, அழிவிலிருந்து மீண்ட குடும்பங்களின் கைப்பழக்கம் தொடர்கிறது என்பதை மறந்துவிட்டு அதை வெறும் சுற்றுலாச் சுவையாகக் கருதுவது நியாயமாகாது.

கத்தியும் எண்ணெயும்

இதன் செய்முறையில் கடினமான பகுதி நெருப்பிடம் செல்வதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. முதலில் முற்றிய புறச்செதில்கள் கையால் ஒடித்து நீக்கப்படுகின்றன. பின்னர் ஒரு கை மொட்டைச் சுழற்றிக்கொண்டே இருக்க, மறு கையிலுள்ள சிறிய கூர்ங்கத்தி அடியிலிருந்து நுனி நோக்கிச் சுருள்வழியாக ஏறிச்சென்று, ஒவ்வொரு செதிலிலும் நார்ப்பற்றான மேல்பாதியை மட்டும் சீவி எறிகிறது. வெளிச்செதில்களில் வெட்டு தாழ்வாகவும், உட்செதில்களில் படிப்படியாக உயர்வாகவும் விழ வேண்டும். ஏனெனில் உள்ளே செல்லச்செல்ல இளம் பகுதி நீண்டுகொண்டே போகிறது. மொட்டை நட்டநடுவே ஒரே வெட்டாக வெட்டினால் உண்ணத்தக்க பகுதியும் வீணாகும், பொரித்தபின் கடிபடாத நாரும் எஞ்சும். காம்பில் சில சென்டிமீட்டர் விட்டு, அதன் தோலும் சீவப்படுகிறது. வெட்டுப்பட்ட ஆர்ட்டிசோக்கிலுள்ள பாலிஃபீனால்கள் காற்றோடு சேர்ந்து விரைவில் கறுப்பதால், சீவியவுடன் அதை எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் இடுகிறார்கள். அமிலம் அந்த வினையைத் தடுத்துவிடுகிறது.

நீரை முழுவதுமாக வடித்து ஈரம் துடைத்தபின், மொட்டைப் பலகைமீது தலைகீழாக வைத்து மெல்ல அழுத்தினால் செதில்கள் நெகிழ்ந்துகொடுக்கும். இடுக்குகளில் உப்பும் மிளகும் தூவப்படுகின்றன. பொரிப்பது இருமுறை. முதல்முறை ஏறக்குறைய 140 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரையான மிதமான சூட்டில், மொட்டு மூழ்கும் அளவு எண்ணெயில், பூத்தளத்தில் முட்கரண்டி தடையின்றி இறங்கும்வரை 10 முதல் 15 நிமிடங்கள் அது வேகிறது. வெளியே எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து எண்ணெயை வடியவிட்டு ஆறவைத்தபின், செதில்களை ஒவ்வொன்றாக விரித்துப் பூவாக்குகிறார்கள். இரண்டாம்முறை எண்ணெய் 180 டிகிரி அளவுக்குச் சூடேறியிருக்க, விரிந்த முகம் கீழாக இருக்கும்படி சில நிமிடங்கள் மட்டுமே பொரிக்கப்படுகிறது. இறுதியில் தேர்ந்த சமையல்காரர் குளிர்ந்த நீரை மிகச் சில துளிகள் தெளிக்க, எழும் நீராவி செதில்களை இன்னும் மொறுமொறுப்பாக்குகிறது. கொதிக்கும் எண்ணெயில் நீர் படுவது ஆபத்தானது என்பதால் பழக்கமில்லாதவர்கள் இந்தப் படியை விட்டுவிடுவதே நல்லது. இவ்வாறு முடிந்த ஆர்ட்டிசோக்கின் வெளிச்செதில்கள் பொரித்த அப்பளம்போல் நொறுங்க, நடுப்பகுதி வெண்ணெய்யே படாமல் குழைந்திருக்கும்.

இருமுறை பொரிப்பது பண்டிகை விதிக்கும் இசைவானது. பெசாக்கின் முதல்நாள் போன்ற பெருநாள்களில் அன்றைய உணவுக்காகச் சமைக்கலாம். ஆனால் நெருப்பைப் புதிதாக உண்டாக்கலாகாது, முன்பே எரிந்துகொண்டிருக்கும் நெருப்பையே பயன்படுத்த வேண்டும். ஆகவே சீவுவதையும் முதல் பொரிப்பையும் முன்னதாகவே முடித்துவிட்டு, இரண்டாம் பொரிப்பை மட்டும் உணவு வேளைக்கு வைத்துக்கொள்ள முடியும். பண்டிகை ஓய்வுநாளில் வந்தால் சமையலே கூடாது. 2018இல் பெசாக் இரவு விருந்து மார்ச் 30, வெள்ளிக்கிழமை மாலை வந்தது, ஓய்வுநாளும் அதே மாலையில் தொடங்கியதால் பொரிப்பது முழுவதும் சூரியன் மறையுமுன் முடிந்தாக வேண்டியிருந்தது.

2018ஆம் ஆண்டின் கேள்வி

அந்தப் பண்டிகையை ஒட்டியே விவாதமும் எழுந்தது. முழு ஆர்ட்டிசோக்கின் செதில்களுக்கிடையே பூச்சிகள் ஒளிந்திருக்கும், அவற்றை நீக்கும் வழியில்லை, ஆகவே இந்தப் பதார்த்தம் கோஷர் ஆகாது என்று இஸ்ரேலின் தலைமை ரபி மன்றத்தில் இறக்குமதிப் பொறுப்பிலிருந்தவர் கூறியதை ஹாரெட்ஸ் நாளிதழ் வெளியிட்டது. ஊரும் பிராணிகளையும் பறக்கும் பூச்சிகளையும் லேவியராகமம் 11ஆம் அதிகாரம் விலக்குகிறது. ஓர் எறும்பை உண்பவர் ஒரே செயலால் பல கட்டளைகளை மீறுகிறார் என்று கணக்கிடும் அளவுக்குத் தல்மூத் இதை வலியுறுத்துகிறது. விலக்கப்பட்ட பொருள் தவறி உணவில் கலந்தால், அறுபதில் ஒரு பங்குக்குக் குறைவாக இருப்பின் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்ற சலுகை பொதுவாக உண்டு. ஆனால் முழு உருவோடு இருக்கும் உயிருக்கு அந்தச் சலுகை இல்லை, ஆயிரம் பங்கில் ஒன்றாக இருந்தாலும் அது உணவை விலக்குக்கு உள்ளாக்கும் என்று 16ஆம் நூற்றாண்டின் ‘ஷுல்ஹான் ஆரூக்’ என்னும் சட்டத்தொகுப்பு விதிக்கிறது. ஆர்ட்டிசோக்கை அசுவினி போன்ற சிறு பூச்சிகள் தாக்குவதும் உண்மை. எனவே மன்றத்தின் கவலை அடிப்படையற்றது அன்று.

ரோம் சமூகத்தின் விடையும் சட்டத்தின் மொழியிலேயே அமைந்தது. ரோமனெஸ்கோவின் செதில்கள் இறுக மூடியிருப்பதால் பூச்சி உள்நுழைய வழியில்லை என்பதும், வெளிச்செதில்கள் நீக்கப்பட்டே சமைக்கப்படுகின்றன என்பதும், பொரிக்குமுன் அதை ஆயும் முறை நூற்றாண்டுகளாகச் சோதிக்கப்பட்டது என்பதும் அவர்களுடைய வாதம். ரோமின் தலைமை ரபியும், தொழிலால் மருத்துவருமான ரிக்கார்டோ தி சேஞ்ஞி, ஆர்ட்டிசோக்கைத் தாமே சீவியபடி பெசாக் வாழ்த்துக் கூறும் காணொளி வெளியாயிற்று. அச்செயல் ஒரு சட்டத் தீர்ப்புக்கு நிகரான செய்தியைத் தாங்கியிருந்தது. ரோமின் கோஷர் உணவகங்களில் ஆர்ட்டிசோக் தொடர்ந்து பரிமாறப்பட்டது.

இரு தரப்பும் ஒரே நூல்களை ஏற்றுக்கொண்டே வேறுபட்டதற்குக் காரணம், அவை கண்முன் வைத்துப் பார்த்த ஆர்ட்டிசோக் வேறுவேறு என்பதே. இறக்குமதியைக் கண்காணிக்கும் ஒரு மன்றம் எந்த வகை, எந்த வயல், யாருடைய கை என்று அறிய முடியாத சரக்குக்கு விதி வகுக்க வேண்டியிருக்கிறது. அறியாத கைக்கு விதி வகுப்பவர்கள் கடுமையின் பக்கம் சாய்வது இயல்பு. ரோம் சமூகமோ தன் ஊரின் வகையையும், அதைச் சீவுபவர்களின் தேர்ச்சியையும் அருகிருந்து அறிந்தது. யூதச் சட்டம் ‘மின்ஹாக்’ என்னும் ஊர்வழக்கத்துக்கு உயர்ந்த இடம் தருவது இதனால்தான். எழுதப்பட்ட விதி எல்லா இடத்துக்கும் பொதுவானது, அதை நிறைவேற்றும் அறிவு ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகக் கற்றுக்கொள்ளப்படுவது. கற்றுக்கொண்ட அந்த அறிவைத் தொலைவிலிருந்து ஒரே ஆணையால் தள்ளிவிடும்போது, சட்டம் தன்னைக் காத்துவந்த துணையொன்றை இழக்கிறது என்பதே இந்த விவாதம் உணர்த்தும் பாடம்.

பெயரும் தகுதியும்

யூத முறை என்ற பெயர் ஒரு பதார்த்தத்துக்குக் கோஷர் தகுதியைத் தந்துவிடுவதில்லை என்பதையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். பழைய கெட்டோப் பகுதியில் இந்த ஆர்ட்டிசோக்கைப் பரிமாறும் உணவகங்கள் அனைத்தும் கோஷர் உணவகங்கள் அல்ல. இறாலோ பன்றி இறைச்சியோ பொரித்த எண்ணெயில் பொரித்தால், சீவிய கை எவ்வளவு தேர்ந்ததாயினும், அது விலக்குக்கு உள்ளாகிவிடும். கோஷர் உணவகத்தில் ‘மஷ்கீஹ்’ எனப்படும் சமயக் கண்காணிப்பாளர் காய்களை ஆய்வதையும், எண்ணெயையும் பாத்திரங்களையும் மேற்பார்வையிடுகிறார்.

யூத விருந்தினரைப் பண்டிகைக்கு அழைத்து ஒரு காய்கறிப் பதார்த்தமேனும் அவர்கள் மனங்கோணாமல் உண்ணும்படி சமைக்க விரும்புவோர்க்கும் இந்த ஆர்ட்டிசோக்கின் வரலாறு பயன்படும். எந்தக் கொழுப்பில் சமைப்பது, எந்தப் பாத்திரத்தில் சமைப்பது, அந்தப் பண்டிகையில் மாவு சேரலாமா, காய் எவ்வாறு ஆயப்பட்டது என்ற நான்கு கேள்விகளையும் விருந்தினரிடமே முன்கூட்டிக் கேட்டுவிடுவது தயக்கத்துக்குரியது அன்று, மரியாதைக்குரியது. குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் மாறும் ஒரு மரபில் அவர்களைவிடச் சரியான விடையை வேறு யாரும் சொல்ல முடியாது.

யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா விருந்தில் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பரிமாறும் இனிப்புக் கேரட் பதார்த்தமான சிம்மெஸ் பற்றியும், அதில் உலர்பழமும் தேனும் இடம்பெற்றதன் காரணங்கள் பற்றியும் அடுத்த இதழில் காணலாம்.

(தொடரும்)